கொழும்பிலிருந்து வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்: எதை முதலில் தொடங்குவது, எதை எப்போது முடிப்பது

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஞாயிறு காலைகளில் யாராவது ஒரு கம்பஸ் பிள்ளை மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்திருக்கும். போன முறை வந்த தம்பி கேட்டது இது: “அக்கா, ஜெர்மனியில ஒரு கம்பனி எடுக்கிறன் எண்டு மெயில் போட்டிருக்கு. அடுத்த மாசம் வரச் சொல்றாங்கள். வீசாவுக்கு என்ன செய்யிறது?”

அவன் அப்போது மூன்றாவது செமஸ்டரில் இருந்தான். வேறு நாட்டில் படிக்கும் மாணவர், படிப்போடு ஒட்டிய பயிற்சிக்கு ஜெர்மனி போவதென்றால் நான்கு செமஸ்டராவது முடித்திருக்க வேண்டும். அதோடு அந்த நாட்டு மத்திய வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் தேவை. நாற்பது கம்பனிகளுக்கு எழுதி ஒன்றிடமிருந்து சம்மதம் வாங்கிய பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.

பலரும் இப்படித்தான் வாலைப் பிடித்துத் தொடங்குகிறார்கள். இடம் கிடைத்த பிறகுதான் இலங்கைக் கடவுச்சீட்டோடு அந்த வழியால் போக முடியுமா என்று பார்க்கிறார்கள். ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு வேறு: முதலில் பீடத்தின் கலண்டர், பிறகு வீசா வகை, அதற்குப் பிறகுதான் தேடல். கடதாசி வேலை இவை எல்லாவற்றோடும் சேர்ந்தே ஓட வேண்டும்.

1. பீடத்திலிருந்து தொடங்குங்கள்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடைகாலப் பயிற்சி என்றால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. எங்கள் அரச பல்கலைக்கழகங்களின் தவணை அதற்கு ஒத்துவருவதே அபூர்வம். வேலைநிறுத்தம், பிந்திய பரீட்சை, தள்ளிப்போன பெறுபேறு என்று கலண்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் பீட அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தொழிற்பயிற்சிக் காலம் எப்போது வருகிறது? வெளிநாட்டில் செய்தால் அதைப் பாடநெறியின் பகுதியாக ஏற்பார்களா? அப்படி ஏற்பதாகக் கடிதம் தருவார்களா?

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பொன். “இந்தப் பயிற்சி இவருடைய பட்டப்படிப்பின் ஒரு பகுதி” என்ற ஒற்றை வரி பல நாட்டு வீசாக்களில் வழியைத் திறக்கிறது. சிங்கப்பூரில் பயிற்சிக்குத் தரும் வேலைவாய்ப்பு அனுமதியை எடுங்கள். மாணவர் என்றால் அந்த நாடு ஏற்கும் கல்வி நிறுவனத்தில் படித்து, பயிற்சி பட்டப்படிப்பின் பகுதியாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாதம் 3,000 சிங்கப்பூர் டொலராவது சம்பளம் காட்ட வேண்டும். மாணவப் பயிற்சிக்கு அவ்வளவு தரும் கம்பனி எத்தனை என்று நீங்களே யோசியுங்கள்.

மொறட்டுவை பொறியியல் பீடம் போல, அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவோடு சேர்ந்து பயிற்சி நடத்தும் இடமென்றால், அங்கேயும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். போய் வந்த பிறகு “இது கணக்கில் வராது” என்று சொன்னால் இன்னொரு ஆறு மாதம் கொழும்பில் பயிற்சி செய்ய வேண்டிவரும். கொழும்பிலுள்ள ஐஐடி போல ஒரு வருடப் பிளேஸ்மென்ட் உள்ள தனியார் நிறுவனப் பிள்ளைகளுக்கு இந்தத் தலையிடி குறைவு.

ஜூனில் போக நினைப்பவர் முந்தைய செப்டெம்பரில் தொடங்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம், பெப்ரவரி–மார்ச்சில் பதில், ஏப்ரலில் வீசா. சித்திரைப் புத்தாண்டுக்கு நாடே மூடிக் கிடக்கும் அந்த இரண்டு வாரத்தையும் கணக்கில் போடுங்கள்.

2. எந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும்

இணையத்தில் ஓடும் “முழுச் செலவோடு 50 இன்டர்ன்ஷிப்” பட்டியல்களை நம்பி நாட்களைத் தொலைக்காதீர்கள். அதில் பாதி எங்களுக்கு இல்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் ரைஸ் ஆய்வுப் பயிற்சித் திட்டம் அருமையானது; ஆனால் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்குத்தான். எந்த விளம்பரத்திலும் முதலில் வாசிக்க வேண்டியது தகுதி நாடுகளின் வரி. உதவித்தொகை எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு பாருங்கள்.

எங்களுக்குத் திறந்திருப்பவற்றில் நான் முதலில் சொல்வது ஆய்வுப் பயிற்சிகள். ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள ஓஐஎஸ்ரி பட்டதாரிப் பல்கலைக்கழகம் எந்த நாட்டவரையும் எடுக்கும். வருடத்துக்கு இரண்டு தவணை விண்ணப்பம். சவூதியின் கவுஸ்ட் பல்கலைக்கழகத்தில் வருகை மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. இரண்டிலும் தங்குமிடம், விமானச்சீட்டு, கைச்செலவு எல்லாம் அவர்கள் பக்கம். ஜெனீவாவின் சேர்ன் பௌதிக ஆய்வகத்துக்குக் கோடைகால மாணவர் திட்டம் உண்டு. இலங்கை அதில் உறுப்பு நாடு இல்லை; ஆனாலும் உறுப்பு அல்லாத நாடுகளுக்கென்று இடம் வைத்திருக்கிறார்கள். மூன்று வருடப் படிப்பு முடித்திருக்க வேண்டும். பௌதிகம் மட்டுமல்ல, கணினி, பொறியியல் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். இந்த மூன்றும் போட்டி கூடியவைதான். ஆனால் விண்ணப்பிக்கக் காசு கேட்பதில்லை. போட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

இரண்டாவது, மாணவர் பரிமாற்றம். தொழில்நுட்பத் துறைகளுக்கு 1948இல் தொடங்கிய ஐஎஸ்ரே அமைப்பு உண்டு, இலங்கையும் அதில் இருக்கிறது. அது வேலை செய்யும் முறையைப் புரிந்துகொண்டால் உங்களுக்கே ஒரு வழி தெரியும். ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் நாட்டுக் கம்பனிகளிடம் வெளிநாட்டு மாணவருக்கென்று இடம் கேட்டு வாங்குகிறது. ஜனவரியில் நடக்கும் வருடாந்தக் கூட்டத்தில் அந்த இடங்களைப் பிற நாடுகளோடு மாற்றிக்கொள்கிறது. இங்கே எத்தனை இடம் திரட்டினார்களோ அந்த அளவுக்குத்தான் அங்கிருந்து வரும். கொழும்பில் மாமா ஒருவர் நடத்தும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை எடுக்கச் சம்மதித்தால், அந்தக் கடிதத்தோடு குழுவிடம் போங்கள். உங்களை அவர்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். கைச்செலவு அங்கே கிடைக்கும், விமானச்சீட்டு உங்கள் பாடு.

முகாமைத்துவம், சந்தைப்படுத்தல், கற்பித்தல் பக்கம் ஐசெக் என்ற சர்வதேச மாணவர் அமைப்பு இருக்கிறது. அதில் சேவைப் பயணத்தையும் தொழிற்பயிற்சியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆறு வாரம் ஒரு ஊரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது நல்ல காரியம். கணக்கியல் மாணவருக்கு அது தொழிற்பயிற்சி ஆகாது. மருத்துவ மாணவருக்கு, அவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐஎஃப்எம்எஸ்ஏ நடத்தும் பரிமாற்றம் தனி உலகம், அதைப் பீடத்து மாணவர் சங்கத்திடமே கேளுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபையின் செயலகத்தில் பயிற்சி எடுக்கப் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டிலாவது இருக்க வேண்டும், அல்லது அண்மையில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அங்கே சம்பளம் கிடையாது. நியூயோர்க்கில் சொந்தக் காசில் இருக்க முடியாதவர்கள், உதவித்தொகை தரும் உலக சுகாதார அமைப்பு போன்ற முகமைகளைப் பார்க்கலாம்.

3. வீசா வகையை இப்போதே பாருங்கள்

எல்லா நாட்டையும் இங்கே எழுத முடியாது. அடிக்கடி தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிரித்தானியாவுக்குச் சாதாரண வருகை வீசாவில் போய் பயிற்சி செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மருத்துவ, பல்மருத்துவ மாணவர் படிப்பின் பகுதியாகச் செய்யும் சம்பளமற்ற எலெக்டிவ் பயிற்சிக்கு அதில் இடமுண்டு, அதுவும் நோயாளிக்குச் சிகிச்சை செய்யாமல். மற்றவர்களுக்கு அரசு அங்கீகரித்த பரிமாற்றத் திட்டத்துக்கான தற்காலிக வேலை வீசா இருக்கிறது. அதற்கு அங்கீகாரம் பெற்ற அனுசரணையாளர் வேண்டும்.

அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் வீசா. அதில் பயிற்சி மாணவர் பிரிவு 12 மாதம் வரை. உங்களை எடுக்கும் கம்பனியே நேரே வீசாக் கடதாசி தந்துவிட முடியாது என்பதைப் பலர் கடைசியில்தான் அறிகிறார்கள். இராஜாங்கத் திணைக்களம் நியமித்த ஒரு அனுசரணை அமைப்புத்தான் டிஎஸ்-2019 படிவத்தை வழங்க முடியும். அந்த அமைப்பு தனக்கென்று கட்டணம் எடுக்கும். அதை யார் கட்டுவது என்று கம்பனியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கட்டம் கட்டமாக என்ன கற்பீர்கள் என்று எழுதும் பயிற்சித் திட்டப் படிவமும் உண்டு. நேர்முகத்தில் அதிலிருந்து கேள்வி வரலாம், நீங்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால வீசா எந்த 180 நாளிலும் 90 நாள்தான். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, அதில் இரண்டு வெற்றுப் பக்கம். ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் என்றால் பிந்திவிட்டது. அந்த வீசாவில் பயிற்சி செய்யலாமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும்.

சென்னைதானே, பக்கத்து வீடு மாதிரி என்று சுற்றுலா வீசாவில் போவதும் பிழை. இந்தியாவுக்கு இன்டர்ன் வீசா என்றே தனியாக ஒன்று இருக்கிறது.

4. இனி எழுதுங்கள்

பெரிய திட்டங்களுக்குப் படிவம் உண்டு, அதை நிரப்பினால் போதும். ஆனால் நான் பார்த்த பிள்ளைகளில் கூடுதலானோர் போனது ஒரு பேராசிரியருக்கோ சிறிய கம்பனிக்கோ நேரடியாக எழுதித்தான். அந்த மின்னஞ்சலை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்:

“மதிப்புக்குரிய ஐயா, நான் இலங்கையின் புகழ்பெற்ற பல்கலைக்கழகமொன்றில் கற்கும், கடின உழைப்பும் ஆர்வமும் கொண்ட மாணவன். தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்றும் வாய்ப்பை நல்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.”

இதில் ஒரு தகவல்கூட இல்லை. அந்தப் பேராசிரியருக்கு அன்று காலை இப்படிப் பத்து வந்திருக்கும். புவியியல் படித்த தங்கச்சி ஒருத்தி என் மேசையில் இருந்து எழுதியதன் சாரம் இது:

“உங்கள் குழுவின் ஆற்று வண்டல் கட்டுரையில் உள்ள மூன்றாவது வரைபடத்தைப் பார்த்தேன். என் மூன்றாம் ஆண்டுச் செயற்றிட்டத்துக்காகக் களனி கங்கையின் கீழ்ப்பகுதியில் எட்டு இடங்களில் மாதிரி எடுத்தேன். உப்பு நீர் ஏறும் இடத்தில் உங்கள் போக்குக்கு மாறான அளவுகள் வந்தன. இரண்டு பக்கச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். ஜூன் 8 முதல் ஓகஸ்ட் 28 வரை 12 வாரம் வர முடியும். இது என் பட்டப்படிப்பின் பகுதி என்று பீடம் கடிதம் தரும். உங்களிடமிருந்து எனக்குத் தேவைப்படுவது அழைப்புக் கடிதமும் ஒரு பக்கப் பயிற்சித் திட்டமும்.”

பதில் மூன்றாம் நாள் வந்தது. அவள் வகுப்பில் முதலாவது ஆள் இல்லை. ஆனால் எழுதியதில் ஆள், வேலை, திகதி, அவர்கள் செய்ய வேண்டியது எல்லாம் இருந்தன. வாசிப்பவர் யோசிக்க வேண்டிய வேலையை அவளே செய்து கொடுத்துவிட்டாள்.

கொழும்பில் பகல் ஒன்றரை என்றால் ஜெர்மனியில் குளிர்காலத்தில் காலை ஒன்பது. அந்த நேரத்துக்கு அனுப்புங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், இரண்டாம் முறை வேண்டாம். ஒரே பிரிவில் ஐந்து பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் அதைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள்.

சுயவிபரக் கோவை ஒரு பக்கம். தேசிய அடையாள அட்டை இலக்கம், மதம், தகப்பனின் தொழில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சாதாரண தரப் பெறுபேறும் வேண்டாம். உயர்தரத்தில் மாவட்ட நிலை நன்றாக இருந்தால் ஒரு வரி வைக்கலாம். இஸட் புள்ளி என்றால் வெளியே யாருக்கும் விளங்காது.

பரிந்துரைக் கடிதத்துக்கு விரிவுரையாளரிடம் மூன்று வாரம் முன்பே போங்கள். “சேர், ஒரு லெட்டர் வேணும்” என்று வெறுங்கையோடு நிற்காமல், என்ன பாடம் அவரிடம் படித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று அரைப் பக்கக் குறிப்புக் கொடுங்கள். பெயர் பெரிய பேராசிரியரின் நான்கு வரியைவிட, உங்கள் ஆய்வுகூட வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்த இளம் விரிவுரையாளரின் ஒரு பக்கம் மேல். ஆங்கிலச் சான்றுக்கு உடனே ஐயெல்ற்ஸ் கட்டணம் கட்டி விடாதீர்கள். ஆங்கில மொழிமூலம் படிப்பதாகப் பதிவாளர் தரும் கடிதத்தைப் பல இடங்கள் ஏற்கின்றன. முதலில் கேட்டுப் பாருங்கள்.

5. உங்கள் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது?

தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும், ஏனெனில் என் சொந்தக் கதை இதில்தான்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். பிறப்புச் சான்றிதழ் தமிழில். பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். பல்கலைக்கழகப் பதிவில் முழுப்பெயர், யாரோ ஒரு எழுதுவினைஞர் ஆங்கிலப்படுத்தியது. கடவுச்சீட்டில் இன்னொருவர் ஆங்கிலப்படுத்தியது. என் அப்பா பாலசுப்பிரமணியம். அந்த “மணியம்” ஆங்கிலத்தில் ஐ எழுத்தோடு வரவேண்டுமா, வை எழுத்தோடு வரவேண்டுமா என்பதில் என் பெறுபேற்றுத் தாளும் கடவுச்சீட்டும் ஒத்துப்போகவில்லை. வீசா விண்ணப்பம் வாங்கும் கூண்டில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று என் விண்ணப்பக் கோப்பை அவர் ஏற்கவில்லை. திருத்தச் சொல்லிப் பல்கலைக்கழக அலுவலகமொன்றுக்கு நான் ஐந்து முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் “ஐயா லீவு”.

ஆகவே செப்டெம்பரிலேயே, ஒரு இடமும் கிடைக்காதபோதே, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பெறுபேற்றுத் தாள், வங்கிப் புத்தகம் ஐந்தையும் மேசையில் பரப்பி எழுத்துக் கூட்டுங்கள். வித்தியாசம் இருந்தால் பல்கலைக்கழகப் பதிவைக் கடவுச்சீட்டுக்கு ஏற்றபடி திருத்தப் பாருங்கள். முடியாவிட்டால் “இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்” என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன் முடித்து வையுங்கள். சுயவிபரம், மின்னஞ்சல் கையொப்பம், அழைப்புக் கடிதம், விமானச்சீட்டு எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ள பெயரே போகட்டும்.

தமிழ், சிங்களச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் கடவுச்சீட்டைக் காட்டுங்கள், இல்லையென்றால் அவர் மூன்றாவது எழுத்துக்கூட்டல் ஒன்றைக் கண்டுபிடிப்பார். வெளிநாட்டமைச்சின் சான்றுறுதி கேட்டால் கொன்சியூலர் பிரிவு பத்தரமுல்லை சுகுருபாயவில், 16ஆம் மாடி. கடவுச்சீட்டுத் திணைக்களமும் அதே கட்டடந்தான். கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறினால் பத்தரமுல்லையில் இறங்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் அறை எடுத்துப் படிப்பவர்கள், விடுமுறைக்கு ஊர் போகும்போது அங்குள்ள கொன்சியூலர் பிராந்திய அலுவலகத்திலேயே இதை முடிக்கலாம்.

6. காசும் உறவும்

விமானச்சீட்டு, வீசா, காப்புறுதி, முதல் மாத அறை வாடகை, அறைக்கு வைப்புப் பணம், குளிர் உடுப்பு. உதவித்தொகை தரும் இடங்கள்கூடப் பெரும்பாலும் மாதம் முடிந்த பிறகே தரும். ஆகவே முதல் ஆறு வாரம் கையிலிருந்து போகும் என்று கணக்குப் போடுங்கள்.

வங்கி அறிக்கையில் அதிகாரி பார்ப்பது மிகுதியை மட்டுமல்ல. ஐந்து மாதம் சில ஆயிரமாகக் கிடந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் கிழமை பத்து இலட்சம் விழுந்தால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். சீட்டுக் காசு எடுத்ததா, நகை அடகு வைத்ததா, மாமா அனுப்பியதா, அதற்குரிய துண்டையும் கோப்பில் வையுங்கள். அம்மா அப்பாவின் கணக்கைக் காட்டுவது வெட்கமில்லை; அவர்களின் சம்பளக் கடிதமும் உங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் கூட வேண்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் எங்களில் யாருக்குத்தான் உறவினர் இல்லை? பெரியம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்தால் செலவு பாதியாகும். அதற்காகப் பெரியம்மா இருக்கும் நகரத்தில் கிடைக்கும் ஏதோவொரு பயிற்சியை எடுக்க வேண்டாம். இன்னொன்று: படிவத்தில் அங்கே உறவினர் உண்டா என்று கேட்டால் உண்டென்றே எழுதுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அடுத்த வீசாவுக்கும் அது சுமையாகும். திரும்பி வருவீர்கள் என்பதற்கு உங்கள் பீடத்தின் அடுத்த தவணைப் பதிவே நல்ல சாட்சி.

7. முகவர் என்று வருபவர்கள்

அழைப்புக் கடிதத்துக்கே விலை சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கல்வி முகவர் என்று பலகை தொங்குவதால் அந்த அனுமதி வந்துவிடாது. பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்க்கலாம்.

கணினி படித்தவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். “தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டொலரில் சம்பளம், விமானச்சீட்டு நாங்கள்” என்ற விளம்பரத்தை நம்பிப் போன எங்கள் நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். நேர்முகம் வட்ஸ்அப்பில், ஒப்பந்தம் இல்லை, சுற்றுலா வீசாவில் வா, அங்கே மாற்றுவோம்: இந்த நான்கும் ஒன்றாக வந்தால் பதில் எழுதவே வேண்டாம்.

உங்களுக்குக் கிடைத்த வீசா வேலை வகையில் வந்தால், புறப்படுமுன் பணியகத்தில் பதிய வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கட்டுநாயக்கவில் வரிசையில் நின்றுகொண்டு அதை அறிவது நல்லதல்ல.

8. போகுமுன்னும், போன பிறகும்

வீசா கிடைக்கும்வரை திரும்பப் பெற முடியாத விமானச்சீட்டை வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவே பல தூதரகங்களுக்குப் போதும். அறையைப் படத்தில் மட்டும் பார்த்து வைப்புப் பணம் அனுப்ப வேண்டாம். முதல் இரண்டு கிழமைக்கு விடுதியோ உறவினர் வீடோ பார்த்துக்கொண்டு, போய் நேரில் தேடுங்கள். சான்றிதழ்களின் பிரதி ஒன்று பெட்டியில், ஒன்று மின்னஞ்சலில், ஒன்று அம்மாவிடம்.

பீடம் தந்த பயிற்சிப் பதிவேட்டில் கிழமைக்குக் கிழமை கையொப்பம் வாங்குங்கள். கடைசி நாளில் பன்னிரண்டு கிழமைக்கும் சேர்த்து வாங்கலாம் என்று வைத்திருந்தால், ஓகஸ்டில் உங்கள் மேற்பார்வையாளர் விடுமுறையில் கடற்கரையில் இருப்பார். மதிப்பீட்டுப் படிவத்தையும் சான்றுக் கடிதத்தையும் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே அவர் மேசையில் வையுங்கள். கடிதத்தில் உங்கள் பெயரை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று, கையெழுத்துப் போடுமுன், எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.